தியோடர் பிகெல்: பல நாட்டு முகங்களின் நடிகர்

‘மை ஃபேர் லேடி’ படத்தின் விருந்துக் காட்சியில் வரும் ஹங்கேரிய மொழியறிஞரும், ‘தி டிஃபயன்ட் ஒன்ஸ்’ படத்தில் தப்பியோடிய கைதிகளைத் தேடும் அமெரிக்கத் தென்மாநில ஷெரீஃபும், ‘தி ஆஃப்ரிக்கன் குவீன்’ படத்தின் இறுதியில் வரும் ஜெர்மானியக் கடற்படை அதிகாரியும் ஒரே நடிகர்தானா, அப்படியென்றால் அவர் உண்மையில் எந்த நாட்டுக்காரர், இவ்வளவு திறமை இருந்தும் ஏன் கதாநாயகனாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், மூவரும் ஒருவரே. அவர் பெயர் தியோடர் பிகெல். எந்த நாட்டுக்காரர் என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. அவருடைய நடிப்பே அந்த விடையின் சிக்கலிலிருந்து பிறந்தது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிகெல் 1924 மே 2 அன்று வியன்னாவில் பிறந்தார். அவருடைய பெற்றோரின் பூர்விகம் புகோவினா. ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் இருந்து, முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியாவுக்குப் போன பகுதி அது. ஜெர்மன், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ், ருமேனியம், உக்ரேனியம் என்று பல மொழிகள் ஒரே தெருவில் கேட்கும் அந்த நிலப்பரப்பிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அன்றாடப் பழக்கம். தந்தை ஜோசஃப் பிகெல் தீவிரமான சியோனியர், அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர். மகன் பிறந்த நாளும் சியோனிய இயக்கத்தின் நிறுவனர் தியோடர் ஹெர்ட்ஸலின் பிறந்த நாளும் ஒன்றாக அமைந்ததால், அந்தப் பெயரையே மகனுக்கு வைத்தார். வீட்டுக்கு வெளியே வியன்னாவின் ஜெர்மன். வீட்டுக்குள் முன்னோரின் இத்திஷ். தந்தை விடாப்பிடியாகக் கற்றுக்கொடுத்த எபிரேயம். மாலை வேளைகளில் தந்தை இத்திஷ் இலக்கியத்தை, குறிப்பாக ஷோலம் அலெக்கெமின் கதைகளை, குடும்பத்தாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். கிழக்கு ஐரோப்பிய யூதக் கிராமங்களின் ஏழைகளையும் வம்பர்களையும் கனவுக்காரர்களையும் அந்தச் சிறுவன் முதலில் சந்தித்தது அச்செழுத்தில் அன்று, தந்தையின் குரலில். ஒரே குரல் பத்துப் பேராக மாறுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னாளில் குணச்சித்திர நடிகரானது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது பிகெலுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. அன்று வியன்னாவில் ஏறக்குறைய 1,70,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நாடு ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட சில வாரங்களுக்குள் யூத மாணவர்கள் பள்ளிகளில் தனியே பிரிக்கப்பட்டனர். தெருக்களில் முதியவர்கள் மண்டியிட்டு நடைபாதையைத் தேய்க்க வைக்கப்பட்டனர். நேற்றுவரை வணக்கம் சொன்ன அண்டை வீட்டார் முகம் திருப்பிக்கொண்டனர். தந்தையின் சியோனிய இயக்கத் தொடர்புகளால் அந்தக் குடும்பத்துக்கு வழி கிடைத்தது. அதே ஆண்டில் அவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த பாலஸ்தீனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தான் பிறந்த நகரம் தன்னை வெளியே தள்ளியது என்ற உணர்வு பிகெலை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை. பின்னாளில் அவர் மேடையில் நின்று ஆஸ்திரியாவுக்கு விடைகொடுக்கும் பாடலொன்றைப் பாட நேர்ந்தது; அதைக் கீழே சொல்கிறேன்.

பாலஸ்தீனத்தில் அவர் மிக்வே இஸ்ரேல் வேளாண் பள்ளியில் படித்தார், பின்பு ஹைஃபாவுக்கு அருகிலுள்ள கஃபார் ஹமக்காபி என்ற கிப்புட்ஸில் சேர்ந்தார். நிலம், உழைப்பு, எல்லாம் பொது என்பது கிப்புட்ஸின் வாழ்க்கை முறை. அங்கே மண்வெட்டி பிடிப்பதே பெருமை. பிகெலுக்கு அது கைவரவில்லை. உரக்குவியலின்மேல் நின்றுகொண்டு, தான் செய்யாத வேலையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்ததாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். விழாக்களுக்கு நாடகம் போடுவதற்கும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்கும் அவர்தான் பொருத்தமானவர் என்பதை அங்கிருந்தவர்களும் விரைவில் கண்டுகொண்டார்கள். 1943ஆம் ஆண்டு அவர் டெல் அவீவ் சென்று ஹபிமா நாடகக் குழுவில் சேர்ந்தார்.

ஹபிமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மாஸ்கோவில் புரட்சிக் காலத்தில் தொடங்கிய எபிரேய நாடகக் குழு. புகழ்பெற்ற ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் ஆதரவிலும் அவர் மாணவர் வக்தாங்கொவின் பயிற்சியிலும் வளர்ந்து, பிறகு பாலஸ்தீனத்தில் நிலைகொண்டது. அதன் மூத்த நடிகர்கள் ரஷ்யப் பள்ளியின் கனத்த குரலும் பெரிய அங்க அசைவும் உடையவர்கள். அந்தக் குழுவில் பிகெலுக்குக் கிடைத்த முதல் வேடம், தந்தை படித்துக்காட்டிய அதே ஷோலம் அலெக்கெமின் பால்காரர் தெவ்யா கதையை வைத்து எழுதிய நாடகத்தில் காவலர் வேடம். சில வரிகளே பேசும் பாத்திரம் அது; கிராமத்து யூதர்களிடம் ஜார் அரசின் உத்தரவைக் கொண்டுவந்து தருபவர். அடுத்த ஆண்டே, 1944இல், பிகெலும் சில இளைஞர்களும் சேர்ந்து கமேரி நாடக அரங்கை உருவாக்கினார்கள். மேடையில் முழங்கும் எபிரேயத்துக்கு மாறாக, தெருவிலும் கடையிலும் இளைஞர்கள் பேசும் எபிரேயத்தை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். 20 வயதுக்குள் ஒரு நடிகர் இரண்டு எதிரெதிர் நடிப்பு முறைகளை உள்ளிருந்து பார்த்துவிட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெரிதாக நடிக்கவும் தெரியும், அடக்கி நடிக்கவும் தெரியும் என்ற அவருடைய பிற்காலப் பெயருக்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

1946இல் அவர் லண்டன் சென்று ராடா எனப்படும் ராயல் நாடகக் கழகத்தில் சேர்ந்து, 1948இல் படிப்பை முடித்தார். அதே 1948இல் இஸ்ரேல் நாடு உருவாகிப் போர் மூண்டது. அவருடைய தலைமுறை நண்பர்கள் பலர் களத்தில் இருந்தபோது அவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். இதை ஏறக்குறைய ஓடிப்போனதாகவே சிலர் கருதினார்கள் என்றும், தன்னைத் தானே முழுமையாக மன்னிக்க முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு சிறு குரல் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் அவர் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புலம்பெயர்ந்த கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வெற்றிப் படிகளை மட்டும் அடுக்கிவிட்டு இத்தகைய இடங்களைத் தாண்டிவிடுகின்றன. ஒரு நாட்டை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரிடம் கடன்பட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவர் என்பதால்தான், பிகெலின் வேடங்களில் ஒரு கனிந்த தயக்கம் தெரிகிறது என்பது என் கருத்து.

லண்டனில் அவருக்குத் திருப்பம் தந்தது ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகம். 1949இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கத்தில், விவியன் லீ நாயகி பிளான்ஷ் வேடமேற்க, அது ஆல்ட்விச் அரங்கில் நடந்தது. ஸ்டான்லி, மிட்ச் ஆகிய இரண்டு முக்கிய ஆண் பாத்திரங்களுக்கும் மாற்று நடிகராகப் பிகெல் வைக்கப்பட்டிருந்தார். முறையான நடிகர் வர முடியாமற்போன ஒரு மாலையில், விவியன் லீயோடு ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காமலேயே அவர் மேடையேற வேண்டியிருந்தது. ஸ்டான்லி முரட்டு உடல்வலு உடையவன், மிட்ச் தாய்க்குப் பயந்த கூச்ச சுபாவி. இவ்விரண்டுக்கும் ஒரே ஆளை நம்பி வைத்ததிலிருந்தே ஒலிவியர் இவரிடம் என்ன கண்டார் என்பது விளங்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேச்சை, ஆங்கிலம் நான்காவதோ ஐந்தாவதோ மொழியாக வந்த ஒருவர், லண்டன் பார்வையாளர்முன் பேசி ஒப்பேற்றியிருக்கிறார். பின்னர் மிட்ச் வேடம் முறையாகவே அவருக்கு வந்தது. 1951இல் பீட்டர் உஸ்தினொவின் ‘தி லவ் ஆஃப் ஃபோர் கர்னல்ஸ்’ நாடகத்தில் ரஷ்யக் கர்னலாக நடித்தார்.

அதே ஆண்டில் ஜான் ஹ்யூஸ்டன் இயக்கிய ‘தி ஆஃப்ரிக்கன் குவீன்’ வந்தது. நீங்கள் குறிப்பிட்ட காட்சி இதுதான்: பிடிபட்ட ஹம்ஃப்ரி போகார்ட்டையும் கேத்தரின் ஹெப்பர்னையும் விசாரிக்கும் லூயிசா போர்க்கப்பலின் முதல் அதிகாரி. திரையில் சில நிமிடங்களே வரும் வேடம். அடுத்த ஆண்டு ஹ்யூஸ்டனின் ‘மூலான் ரூஜ்’ படத்தில் செர்பிய மன்னர் மிலான். அதன்பின் 1957இல் ‘தி பிரைட் அண்ட் தி பேஷன்’ படத்தில் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுத் தளபதி. அயல்நாட்டவர்கள் தேவைப்படும் இடத்திலெல்லாம் கூப்பிடப்படும் நடிகர் என்ற இடம் இப்படித்தான் உருவானது.

1954இல் அவர் அமெரிக்கா சென்றார்; 1955இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ‘டுநைட் இன் சமர்க்கண்ட்’ நாடகத்தில் அறிமுகமானார். அதே ஆண்டு ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிய ‘தி லார்க்’ நாடகத்தில் ஜூலி ஹாரிஸ், போரிஸ் கார்லொஃப், இளம் கிறிஸ்டஃபர் பிளம்மர் ஆகியோருடன் நடித்தார். ‘தி ரோப் டான்சர்ஸ்’ நாடகத்துக்காக, பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1961இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

திரையில் அவருடைய ஆகச் சிறந்த வேடமாக நான் கருதுவது 1958இல் ஸ்டான்லி கிரேமர் இயக்கிய ‘தி டிஃபயன்ட் ஒன்ஸ்’ படத்தின் ஷெரீஃப் மேக்ஸ் முல்லர். ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட ஒரு கறுப்பினக் கைதியும் (சிட்னி பாய்ட்டியே) ஒரு வெள்ளையினக் கைதியும் (டோனி கர்ட்டிஸ்) தப்பியோடுகிறார்கள். ஷெரீஃபின் தலைமையில் ஒரு கூட்டம் நாய்களுடன் துரத்துகிறது. படத்தைப் பார்க்கும் எல்லோரும் அந்த இருவரையே பார்ப்பார்கள். மறுமுறை பார்க்கும்போது ஷெரீஃபை மட்டும் கவனித்துப் பாருங்கள். கூட வந்தவர்களுக்கு இது முயல் வேட்டை. ஒருவன் டிரான்சிஸ்டரில் பாட்டை அலறவிடுகிறான். கொலைவெறி நாய்களை அவிழ்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். பிகெல் குரலை உயர்த்துவதில்லை. களைப்பும் எரிச்சலும் கலந்த முகத்துடன், தேடப்படுபவர்கள் மனிதர்கள் என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டும் ஒருவராக, சட்டத்துக்கும் கும்பலுக்கும் நடுவே தன் உடலையே தடுப்பாக வைத்து நடக்கிறார். கடைசிக் காட்சியில் துப்பாக்கியோடு நெருங்கி வருபவர், காயம்பட்டவனை மடியில் சாய்த்துக்கொண்டு பாய்ட்டியே பாடுவதைக் கண்டு, துப்பாக்கியைத் தாழ்த்திவிடுகிறார். ஒரு வசனமும் இல்லை. வியன்னாவில் ஒரு கும்பல் மனிதர்களைத் துரத்தியதைக் கண்ணால் கண்ட சிறுவன், 20 ஆண்டுகள் கழித்து, துரத்தும் கூட்டத்தின் தலைவனாக நடித்து, அந்தத் தலைவனுக்கு மனச்சாட்சியைக் கொடுத்தார். அமெரிக்காவுக்கு வந்து நான்கே ஆண்டுகளான ஒரு வெளிநாட்டுக்காரர் தென்மாநிலத்து அதிகாரியாக நம்பும்படி நின்றதற்கு ஆஸ்கரின் துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது. விருது ‘தி பிக் கன்ட்ரி’ படத்துக்காக பர்ல் ஐவ்ஸுக்குப் போனது. பிகெலைப் போலவே அவரும் நாட்டுப்புறப் பாடகர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இதற்கு ஓராண்டுக்கு முன் வந்த ‘தி எனிமி பிலோ’ படத்தில் அவர் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் அதிகாரி ஹைனி. ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதர் ஹிட்லரின் கடற்படைச் சீருடையை அணிய வேண்டிய நிலை, அக்கால ஹாலிவுட்டில் பல புலம்பெயர்ந்த நடிகர்களுக்கு நேர்ந்ததுதான். ஜெர்மன் உச்சரிப்பு அறிந்தவர்களில் பெரும்பாலோர் நாஜிகளால் விரட்டப்பட்டவர்களாகவே இருந்தார்கள். அந்த வேடத்தைக் கேலிச்சித்திரமாக்கிப் பழிதீர்த்துக்கொள்வது எளிது. பிகெல் அப்படிச் செய்யவில்லை. ஹைனி, போரில் நம்பிக்கையிழந்த கேப்டனின் (குர்ட் யூர்கன்ஸ்) பழைய தோழன். இருவருக்கும் இடையிலான அமைதியான நட்பே அந்தப் படத்தின் நீர்மூழ்கிக் காட்சிகளுக்கு மனிதத்தன்மை தருகிறது. காயம்பட்ட ஹைனியை விட்டுப் போக மறுத்துக் கேப்டன் மூழ்கும் கப்பலிலேயே நிற்கிறார் என்றால் பார்வையாளர் அதை நம்ப வேண்டும் அல்லவா? அதை நம்ப வைப்பது பிகெலின் பங்கு.

இப்போது 1964இல் வெளிவந்த ‘மை ஃபேர் லேடி’யின் ஸோல்டன் கார்ப்பத்தி. பூக்காரி எலைஸாவுக்குப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் மேட்டுக்குடி ஆங்கிலம் கற்றுக்கொடுத்து, தூதரக விருந்துக்கு அழைத்துச் செல்கிறார். பேச்சைக் கேட்டே ஒருவரின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்து மோசடிக்காரர்களை அம்பலப்படுத்துபவர் என்று பெயரெடுத்த கார்ப்பத்தி அங்கே வருகிறார். எலைஸாவுடன் நடனமாடியபின் அவர் அறிவிக்கும் முடிவு: இவள் ஆங்கிலேயப் பெண்ணே அல்லள், இவ்வளவு குற்றமற்ற ஆங்கிலம் வெளிநாட்டாருக்குத்தான் வரும், ஆகவே இவள் ஹங்கேரிய அரச குலத்தவள்! சிறிய வேடம்தான், சிரிப்புக்காக வைத்ததுதான். ஆனால் பல மொழி பேசி, எந்த நாட்டிலும் சற்றே வெளியாளாக நின்ற ஒருவர், பிறரின் உச்சரிப்பைக் கொண்டு அவர்களின் மூலத்தைத் துருவும் மனிதரை நடிக்கிறார் என்ற உண்மை தெரிந்தபின் அந்தக் காட்சியின் சுவையே வேறு. அவருடைய வளைந்து பணியும் இடுப்பையும், மூக்கால் மோப்பம் பிடிப்பதுபோன்ற தலையசைப்பையும் பாருங்கள். அந்த மனிதருக்கு மொழி ஒரு வேட்டைக்களம் என்பது உடலிலேயே தெரியும்.

உச்சரிப்புகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிகெல் பல உச்சரிப்புகளைப் போலிசெய்பவர் என்று பாராட்டுவது அவருடைய வேலையைக் குறைத்துச் சொல்வதாகும். பிரெஞ்சுக்காரரின் ஆங்கிலம், ரஷ்யரின் ஆங்கிலம், ஹங்கேரியரின் ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் தடுமாற்றம் விழும் இடம் வேறு. ஒருவருக்கு உயிரெழுத்து இடறும், இன்னொருவருக்குச் சொற்றொடரின் ஏற்ற இறக்கம் பிசகும். அதையும் தாண்டி, பிறமொழியில் பேசும்போது ஒருவர் எதை மறைக்க முயல்கிறார், எங்கே பெருமைப்படுகிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தானே ஒவ்வொரு புதிய மொழியிலும் ஒருமுறை திணறி நிமிர்ந்தவர் என்பதால் இந்த உளவியல் அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருந்தது. 1966இல் நார்மன் ஜூவிஸன் இயக்கிய ‘தி ரஷ்யன்ஸ் ஆர் கமிங், தி ரஷ்யன்ஸ் ஆர் கமிங்’ படத்தில் அவர் சோவியத் நீர்மூழ்கிக் கேப்டன். பெரும்பாலும் ரஷ்ய மொழியிலேயே கத்துகிறார். ஒரு சொல்லும் புரியாத பார்வையாளரும் அந்தக் கேப்டனின் பிடிவாதத்தையும், தரைதட்டிய கப்பலைப் பற்றிய அவமானத்தையும் புரிந்துகொள்கிறார்.

மேடைக்கு வருவோம், ஏனெனில் அவருடைய உயரம் அங்கேதான் முழுமையாகத் தெரிந்தது. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்றதும் நம்மில் பலருக்கு 1965இன் திரைப்படமும் கிறிஸ்டஃபர் பிளம்மரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 1959 நவம்பர் 16 அன்று பிராட்வேயில் அந்த இசைநாடகம் தொடங்கியபோது நாயகியாக நடித்த மேரி மார்ட்டினுக்கு எதிரே, நாயகன் கேப்டன் ஃபான் டிராப்பாக நின்றவர் பிகெல். நியூயார்க் வருமுன் பாஸ்டனில் நடந்த முன்னோட்டக் காட்சிகளின்போது, கேப்டன் தன் நாட்டுக்கு விடைகொடுக்க ஒரு பாடல் வேண்டும் என்று அதன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் உணர்ந்தார்கள். பிகெல் கிட்டார் வாசித்து நாட்டுப்பாடல் பாடுபவர் என்பதைக் கருத்தில்கொண்டு, அவருடைய குரலுக்கும் கைக்கும் பொருந்துமாறு எளிமையான ஒரு பாடலை இயற்றிச் சேர்த்தார்கள். அதுதான் ‘எடல்வைஸ்’. ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாடல் அது. ஒன்பது மாதங்களில் அவர் காலமானார். அந்தப் பாடல் ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்றே இன்றும் பலர் எண்ணுகிறார்கள். இதை வெகு காலமாகவே தெரியும், ஆனால் ஜெர்மன் மொழியில்தான் கேட்டிருக்கிறேன் என்று ஒரு ரசிகர் தன்னிடம் வந்து சொன்னதாகப் பிகெல் நினைவுகூர்வது வழக்கம்.

கதைப்படி கேப்டன் 1938இல் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறுகிறார். பிகெல் குடும்பம் வெளியேறியதும் அதே ஆண்டில்தான். நாஜிகள் சூழ்ந்த விழா மேடையில் நின்று, மலைப்பூ ஒன்றை விளித்துத் தாய்நாட்டை வாழ்த்தும் அந்தப் பாடலை, தாய்நாடே துரத்திய ஒருவர் வாரம் எட்டுக் காட்சிகள் பாடினார். கேப்டனுக்குப் பிரிவுத் துயரம் மட்டும் இருக்கலாம். பிகெலுக்கு அந்த நாட்டின்மீது கோபமும் இருந்தது. 1959ஆம் ஆண்டு ஒலிப்பதிவைக் கேட்டால், பாடல் இனிப்பாக வழியாமல் ஒரு கட்டுப்பாட்டோடு நகர்வதை உணரலாம். எனக்கு அந்தக் கட்டுப்பாடே பிடித்திருக்கிறது. இந்த வேடத்துக்கு அவருக்கு இரண்டாவது டோனி பரிந்துரை கிடைத்தது.

திரைப்படமான போது வேடம் பிளம்மருக்குப் போனது, ‘தி லார்க்’ நாடகத்தில் உடன் நடித்த அதே பிளம்மருக்கு. இதுபோலவே இன்னொன்றும் நடந்தது. ஷோலம் அலெக்கெமின் தெவ்யா கதையை ஒட்டிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இசைநாடகம் 1964இல் ஸீரோ மோஸ்டல் நடிப்பில் தொடங்கியது. 1967 முதல் பிகெல் தெவ்யாவாக நடிக்கத் தொடங்கி, பல பத்தாண்டுகளில் 2,000 காட்சிகளுக்கு மேல் நடித்தார். எபிரேய மேடையில் காவலராகச் சில வரி பேசியவர், அதே கதையின் நாயகனாக மாறியிருந்தார். ஆனால் 1971இல் அதைப் படமாக்கிய நார்மன் ஜூவிஸன், தன் முந்தைய படத்தில் நடித்த பிகெலை விட்டு, லண்டன் மேடையில் தெவ்யாவாகப் புகழ்பெற்றிருந்த இஸ்ரேலிய நடிகர் டோபோலைத் தேர்ந்தெடுத்தார். டோபோல் அருமையான நடிகர்; அந்தத் தேர்வைக் குறைசொல்ல மாட்டேன். ஆயினும் இரண்டு பெரிய வேடங்களும் பிகெலின் முகத்தோடு செல்லுலாய்டில் பதியாமற்போனதால், உலகின் பெரும்பகுதி அவரை விருந்துக் காட்சியில் வந்துபோகும் மனிதராக மட்டுமே அறிந்திருக்கிறது. இது நாடகக் கலைஞர்கள் எல்லோருக்கும் நேரும் இழப்பு என்றாலும் இவர் விஷயத்தில் எனக்கு மனம் ஆறவில்லை. காலம் செய்த ஈடும் ஒன்று உண்டு: முதிய வயதில் டோபோல் உடலில் ஏற்பட்ட காயத்தால் தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகியபோது, அவருக்குப் பதிலாகத் தெவ்யா வேடமேற்றவர்களில் 85 வயதைத் தொட்டிருந்த பிகெலும் ஒருவர்.

ஏன் கதாநாயகனாகவில்லை என்ற கேள்விக்கு இங்கே விடை சொல்லலாம். அக்கால ஹாலிவுட்டில் கனத்த உடலும் ஐரோப்பிய முகச்சாயலும் கொண்டவர்களுக்குக் காதல் நாயகன் வேடம் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். மற்றொன்று, அவருக்கே அதில் நாட்டமில்லை. சில நட்சத்திரங்கள் எல்லாப் படத்திலும் ஒரே நடை, ஒரே பேச்சு என்று இருப்பார்கள், தனக்கோ உருவமும் உச்சரிப்பும் நடையும் மாறிக்கொண்டே இருந்தால்தான் சலிப்புத் தட்டாது என்ற கருத்தை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நட்சத்திரத்தைப் பார்க்க மக்கள் வருவது அவருடைய மாறாத முகத்துக்காக. மாறுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த வாசல் அடைபட்டுத்தான் இருக்கும்.

அவர் பாடகராகவும் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தார் என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். 1950களின் நடுவிலிருந்து எலெக்ட்ரா நிறுவனத்துக்காக இத்திஷ், எபிரேயம், ரஷ்யம் உள்ளிட்ட மொழிகளில் இசைத்தட்டுகள் வெளியிட்டார். 20க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார். 1959இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவை நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் முதலியோருடன் சேர்ந்து தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1963 ஜூலையில் மிசிசிப்பி மாநிலம் கிரீன்வுட்டில், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியும் இயக்கத்தின் கூட்டத்துக்குச் சீகருடன் சென்றபோது, அப்போது இளைஞராயிருந்த பாடகர் பாப் டிலனுக்கும் விமானச் சீட்டுக்கான பணத்தை இவரே கொடுத்தார். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 1973 முதல் 1982 வரை அமெரிக்க மேடை நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் தலைவராக இருந்தார். 1984இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறிக்கு எதிராகப் போராடிக் கைதானார். நடிகர் என்பவர் அரசியலில் தலையிடலாமா என்ற கேள்விக்கு அவருடைய சிறுவயதே பதிலாக இருந்தது: வியன்னாவில் நல்லவர்கள் பலர் சன்னலைச் சாத்திக்கொண்டு வாய்மூடி இருந்ததை அவர் பார்த்திருந்தார்.

தொலைக்காட்சியிலும் அவர் ஓயவில்லை. 1990இல் ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ஒரு பகுதியில், வேற்றுக்கிரகவாசியான வோர்ஃபை எடுத்து வளர்த்த பூமித் தந்தை செர்கெய் ரொஷெங்கோவாக வந்தார். தன் இனமல்லாத மகன்மீது வாய் ஓயாமல் பாசத்தைக் கொட்டும் அந்த ரஷ்யத் தந்தையை இன்றும் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2013 நவம்பரில், யூத வழிபாட்டிடங்களும் கடைகளும் சூறையாடப்பட்ட 1938 நவம்பர் இரவின் 75ஆம் ஆண்டு நினைவையொட்டி, ஆஸ்திரிய நாடாளுமன்றம் அவரை அழைத்தது. 89 வயதில் அவர் அங்கே சென்று பாடினார். 2015 ஜூலை 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தம் 91ஆவது வயதில் காலமானார்.

அவரைப் பார்க்கத் தொடங்க விரும்பினால், ‘மை ஃபேர் லேடி’யில் தொடங்காதீர்கள், அது அவருடைய கைவண்ணத்தின் ஓரம் மட்டுமே. ‘தி டிஃபயன்ட் ஒன்ஸ்’, அதையடுத்து ‘தி எனிமி பிலோ’ என்று இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள்: ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஜெர்மானிய மாலுமியாகவும் அமெரிக்க ஷெரீஃபாகவும் எப்படி உடலையே மாற்றிக்கொள்கிறார் என்பது விளங்கும். பிறகு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசைநாடகத்தின் 1959 ஒலிப்பதிவு. முதுமையில் அவர் தந்தையின் எழுத்தாளரிடமே திரும்பியதை அறிய, ஷோலம் அலெக்கெமைப் பற்றி அவர் நிகழ்த்திய தனிநபர் நாடகத்தையும் வாழ்க்கையையும் இணைத்து 2014இல் வந்த ‘தியோடர் பிகெல்: இன் தி ஷூஸ் ஆஃப் ஷோலம் அலெக்கெம்’ ஆவணப்படம் இருக்கிறது. தன்வரலாறான ‘தியோ’ 1994இல் வெளியானது. மேலே சொன்ன 1948ஆம் ஆண்டுச் சங்கடத்தை அவர் சொற்களிலேயே படிக்க வேண்டுமானால் அதில் படிக்கலாம்.